பன்னிரண்டாம் குழியில் இரண்டு அடி

அன்று காலை குகனேஸ்வரி மகளின் விளையாட்டைப் பார்க்கத்தான் புறப்பட்டாள். பை தூக்குகிற எண்ணமே அவளுக்கு இருக்கவில்லை.

பல்கலைக்கழக மாணவியருக்கான கோல்ஃப் போட்டி அந்த வருடம் இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் நடந்தது. நகரத்துக்கு வெளியே மலைச்சரிவில், ஒலிவ மரங்களுக்கு நடுவே இருந்த மைதானத்தில் மூன்று நாள் ஆட்டம். மிலானோ, தொரினோ, ரோமா என்று பல இடங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். இரண்டு நாள் முடிவில் முன்னுக்கு நின்றவள் தொரினோவிலிருந்து வந்த பெனெதெத்தா. மட்டையால் அடித்த கணக்கில் அவளுக்கு இரண்டே அடி பின்னால் நின்றவள் பலேர்மோப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கும் சிவானுஜா. வீட்டில் அனு. குகனேஸ்வரியின் ஒரே மகள்.

பலேர்மோவின் பிரான்காச்சோப் பகுதி மாடிக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்கு கோல்ஃப் எப்படிப் பிடிபட்டது என்று ஊர்ச் சனம் கேட்கும். பள்ளிக்கூடத்தால்தான். பதினொரு வயதில் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த மைதானத்தில் விட்டார்கள். மற்றப் பிள்ளைகள் புல்லில் உருண்டு விளையாட, அனு மட்டும் பின்னேரம்வரை பந்தை அடித்துக்கொண்டு நின்றாள். அங்கே பழக்குகிறவர் அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னார். அதற்கடுத்த சனிக்கிழமையும் சொன்னார். அப்படியே தொற்றிக்கொண்டது.

இத்தனை வருடத்தில் குகனேஸ்வரி மகள் விளையாடி ஒரு நாளும் பார்த்ததில்லை. மொந்தெல்லோவில் வயதான ஒரு சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மணியை, பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. சனி, ஞாயிறு என்று இல்லை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. அந்தச் சனிக்கிழமை சிஞ்ஞோராவின் மகன் ரோமாவிலிருந்து வந்து நின்றதால் அவளுக்கு விடுப்புக் கிடைத்தது. விடியவே எழும்பி கட்லட் பொரித்தாள். பக்கத்துச் சியாகுல்லியில் விளையும் மந்தரின் தோடம்பழம் ஒரு பை எடுத்துக்கொண்டாள். கால் நோகாமல் நிற்கலாம் என்று வேலைக்குப் போடும் சப்பாத்தையே போட்டுக்கொண்டாள்.

மைதான வாசலில் மகளும், மகளின் சிநேகிதி மொனிகாவும் நின்றார்கள். மொனிகா மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை. முதல் இரண்டு நாளும் அனுவின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் அவள்தான். இப்போது ஒற்றைக் காலில் நின்றாள். மற்றக் கால் வீங்கிக் கிடந்தது.

"பஸ்ஸாலை இறங்கேக்கை மடங்கிப் போச்சு அன்ரி" என்றாள் மொனிகா. அழுகிற மாதிரி இருந்தது அவள் முகம்.

"பறவாயில்லை, நானே தூக்குவன்" என்றாள் அனு.

குகனேஸ்வரி அந்தப் பையைப் பார்த்தாள். பதினான்கு மட்டைகள், குடை, தண்ணீர், மழைச்சட்டை. சின்னப் பிள்ளை அளவு உயரம். மலைச்சரிவில் பதினெட்டுக் குழி.

"நீ தூக்கிறதெண்டா பிறகு நான் என்னத்துக்கு இஞ்சை நிக்கிறன்?"

"அம்மா, உங்கடை முழங்கால்..."

"சிஞ்ஞோராவைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போறது இந்த முழங்கால்தான். தா இஞ்சை."

பையின் இரண்டு பட்டிக்குள்ளும் கையை விட்டு முதுகில் போட்டுக்கொண்டாள். மொனிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அனு அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பட்டியை இறுக்கிக் கொடுத்தாள். அவசர அவசரமாகச் சில விஷயம் சொல்லியும் கொடுத்தாள்.

"அடிக்கேக்கை கதைக்கக் கூடாது. அசையவும் கூடாது. உங்கடை நிழல் பந்திலை விழக் கூடாது. நான் கேக்கிற மட்டையைத் தாங்கோ. மிச்சம் நான் பாக்கிறன்."

"சரி. ஒரு கேள்வி. கூட அடிச்சவை வெல்லுறதோ, குறைய அடிச்சவையோ?"

"அம்மா!"

"கோவிக்காதை. தெரிஞ்சால்தானே கும்பிடலாம்."

குறைய அடித்தவர்தான் வெல்வார் என்று அனு சொன்னாள். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைவிடக் குறைத்தால் நல்லது, கூடினால் கெட்டது. குகனேஸ்வரி தலையாட்டினாள். வீட்டுச் செலவு மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியாகக் கிளம்பிய குழுவில் பெனெதெத்தா, அனு, போலோஞ்ஞாவிலிருந்து வந்த இன்னொரு பிள்ளை என்று மூன்று பேர். பெனெதெத்தா உயரமான, அதிகம் பேசாத பிள்ளை. குகனேஸ்வரிக்கு மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னாள்.

முதல் சில குழிகளில் குகனேஸ்வரி மூச்சுவிடவே பயந்தாள். மகள் பந்துக்கு முன்னால் நின்றாள் என்றால் இவள் சிலையாகிவிடுவாள். அடித்து முடிந்ததும் மட்டையை வாங்கி, மண்ணைத் துடைத்து, ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒரு முறை மினுக்கினாள்.

"அம்மா, அது வெள்ளிச் சாமான் இல்லை. சும்மா துடைச்சாப் போதும்."

"சும்மா துடைக்க எனக்குத் தெரியாது."

மூன்றாவது குழியில் அனு சிரித்துக்கொண்டே அடித்தாள். பந்து குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. கணக்கைவிட ஒரு அடி குறைவு.

ஆட்டத்தில் அடிக்கிற நேரம் கொஞ்சம்தான், நடக்கிற நேரம்தான் அதிகம் என்று குகனேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் நீண்ட புல்வெளி. அதில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். வீட்டில் அவர்கள் கதைப்பது வாசலில் செருப்புப் போடும் நேரத்தில், அல்லது சோறு போடும் நேரத்தில். சாவி எடுத்தியா, குளிசை போட்டியா என்பதோடு முடிந்துவிடும். இங்கே கதைப்பதற்கென்றே நேரம் கொட்டிக் கிடந்தது.

"நேற்று ராத்திரி நித்திரை வரேல்லை அம்மா" என்றாள் அனு.

"போட்டியை நினைச்சோ?"

"இல்லை. வாற மாசம் ஒரு எக்ஸாம் இருக்கு. வாய்மொழிப் பரீட்சை. போன முறை பேராசிரியர் கேக்க எனக்கு ஒண்டும் வாயிலை வரேல்லை. ஃபெயில். உங்களிட்டைச் சொல்லேல்லை."

குகனேஸ்வரி முதுகுப் பையைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் வேலையாலை வந்து கால் நீட்டி இருப்பியள். அப்ப சொல்ல மனம் வராது."

"இனி அப்பிடி இருக்கேக்கை சொல்லு. கால்தானே நீட்டியிருக்கிறன், காது இல்லையே."

அனு அம்மாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த பந்தை அடிக்கப் போனாள். பிறகு இன்னும் பல விஷயங்கள் கதைத்தார்கள். வகுப்பில் ஒரு பெடியன் தன்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டதையும், தான் மாட்டேன் என்றதையும், பிறகு யோசித்துப் பார்த்தால் போயிருக்கலாம் போல இருந்ததையும் அனு சொன்னாள். குகனேஸ்வரி அவனுடைய பெயரைக் கேட்கவில்லை. கேட்டால் கதை நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாவது குழி முடிய மைதானத்து மண்டபத்துக்குப் பக்கத்தால் போக வேண்டும். அங்கே குகனேஸ்வரி தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். கணவர் அம்பலவாணர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவருக்குத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுகிற வேலை. கூட வேலை செய்யும் பவுலோடு நாப்போலிக் கப்பலுக்கு ஏற்றிக்கொண்டே இடைக்கிடை இணையத்தில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பிள்ளையின்ரை பேருக்குப் பக்கத்திலை ரெண்டு கழிச்சிருக்கு. ஏதும் பிழைச்சுப் போச்சோ? பவுலும் இஞ்சை கேக்கிறான்."

குகனேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் அனுப்பினாள். "குறைஞ்சாத்தான் நல்லதப்பா. பிள்ளை இப்ப முதலாவதா நிக்கிறாள். பவுலிட்டையும் சொல்லுங்கோ."

உண்மைதான். அனு கணக்கைவிட இரண்டு அடி குறைத்திருந்தாள். பெனெதெத்தா கணக்கைவிட ஒரு அடி கூடுதலாக அடித்திருந்தாள். அனு இப்போது ஒரு அடி முன்னால்.

பதினோராவது குழியில் வெயில் நேர் எதிரே வந்தது. அனு அடித்த பந்து எந்தப் பக்கம் போனது என்று பக்கவாட்டில் நின்ற குகனேஸ்வரிக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் உயர்ந்த புல்லுக்குள் கால்களால் தடவித் தேடி, நல்ல காலம், கண்டுபிடித்தார்கள். அந்தக் குழியை அனு கணக்குப்படி முடித்துவிட்டாள். ஆனால் பந்தைக் கவனிக்கவேண்டியது தன் பொறுப்பு என்று குகனேஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

ஆகவே பன்னிரண்டாவது குழியில், அனு இரண்டாவது அடிக்காகக் கால்களை ஊன்றி நின்றபோது, குகனேஸ்வரி ஓசைப்படாமல் நடந்து அவளுக்கு நேர் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் பந்தும் கொடியும் ஒரே கோட்டில் தெரிந்தன. பந்து எழும்பி, வளைந்து, கொடியைச் சுற்றிய பச்சைப் புல்லில் இறங்கியதை முழுவதும் கண்டாள்.

"கண்டுட்டன்!" என்றாள் சந்தோஷமாக.

அனு திரும்பினாள். அம்மா நின்ற இடத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் பெனெதெத்தாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவள் நடந்து வந்து, தொப்பியைக் கழற்றி, தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மன்னித்துக்கொள். இதை நான் சொல்லாமல் இருக்க முடியாது."

"தெரியும். நானே நடுவரைக் கூப்பிடப் போகிறேன்" என்றாள் அனு.

நடுவர் சின்ன வண்டியில் வந்தார். நரைத்த தலையும் நல்ல சிரிப்பும் உள்ள பெண். கேட்டார், அனு நடந்ததைச் சொன்னாள். பை தூக்குபவர், விளையாடுபவர் அடிக்க நிற்கும்போது பந்து போகும் கோட்டில் அவருக்குப் பின்னால் வேண்டுமென்று போய் நிற்கக் கூடாது. குறி பார்த்துச் சொல்ல இடம் கிடைத்துவிடும் என்பதற்காக வைத்த விதி. என்ன காரணத்துக்காக நின்றாலும் விதி விதிதான். தண்டம் இரண்டு அடி.

"சிஞ்ஞோரா பந்தைப் பார்க்கத்தான் நின்றார் என்பது எனக்கு விளங்குகிறது" என்று நடுவர் குகனேஸ்வரியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "ஆனால் நான் இதை எழுதத்தான் வேண்டும்."

குகனேஸ்வரிக்கு இத்தாலியன் நன்றாக விளங்கும். விளங்காமல் இருந்தால் நல்லது என்று அந்த நேரம் நினைத்தாள். நடுவரின் வண்டி போனதும் பையை முதுகிலிருந்து இறக்கிப் புல்லில் வைத்தாள்.

"நான் போறன் பிள்ளை. வெளியிலை நிண்டு பாக்கிறன். நிண்டால் இன்னும் ஏதும் செய்து வைப்பன்."

"அப்ப பையை ஆர் தூக்கிறது?"

"அனு, என்னாலை..."

"அம்மா, அதை நான் சொல்லித் தரேல்லை. மறந்து போனன். இப்ப சொல்லுறன், எனக்குப் பின்னாலை நிக்கக் கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம்."

"அப்ப வாங்கோ."

குகனேஸ்வரி பையைத் தூக்கினாள். அந்தக் குழியில் நான்கு அடி ஆறாக எழுதப்பட்டது. பெனெதெத்தா மறுபடி ஒரு அடி முன்னால் போனாள்.

பதின்மூன்றாவதில் அனு பந்தை மணல் பள்ளத்துக்குள் அடித்து இன்னொரு அடியை இழந்தாள். குகனேஸ்வரி மணலை வாரிச் சமப்படுத்தினாள்.

பதினான்காவதில் முன்னால் போன குழு மெதுவாக விளையாடியதால் காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று பிள்ளைகளும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குகனேஸ்வரி மந்தரின் பழத்தை எடுத்து உரித்தாள். பாதியை மகளின் கையில் வைத்தாள். மற்றப் பாதியைத் தன் வாயருகே கொண்டுபோனவள், பெனெதெத்தாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு தனியே நின்றது. பன்னிரண்டாவது குழியிலிருந்து அது ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

குகனேஸ்வரி நேரே போய் நீட்டினாள். "சாப்பிடு பிள்ளை" என்றாள் இத்தாலியனில். "இந்த ஊர்ப் பழம். தொரினோவில் இது கிடைக்காது."

பெனெதெத்தா முதலில் பழத்தையும் பிறகு அவளையும் பார்த்தாள். "சிஞ்ஞோரா, எனக்கு உங்கள் மேல்..."

"நீ சரியைத்தான் சொன்னாய். சாப்பிடு."

அந்தப் பிள்ளை ஒரு சுளையை வாயில் போட்டாள். இனிப்பில் கண் விரிந்தது. போலோஞ்ஞாப் பிள்ளையும் கிட்ட வந்தாள். கொஞ்ச நேரத்தில் பையிலிருந்த கட்லட்டும் வெளியே வந்துவிட்டது. முன்னால் போனவர்கள் விலகி அடிக்க இடம் கிடைத்தபோது மூன்று பேரும் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு அனு நன்றாக விளையாடினாள். பதினாறாவதில் தூரத்திலிருந்து உருட்டிவிட்ட பந்து மேடு ஏறி, பள்ளம் இறங்கி, குழிக்குள் விழுந்தது. இழந்ததில் ஒன்று திரும்பி வந்தது. பெனெதெத்தா எல்லாக் குழிகளையும் கணக்குப்படி முடித்துக்கொண்டே வந்தாள். கடைசிக் குழிக்கு வந்தபோது வித்தியாசம் ஒரே ஒரு அடி.

பதினெட்டாவதில் அனுவின் பந்து குழியிலிருந்து நாலைந்து முழத்தில் நின்றது. பெனெதெத்தா கணக்குப்படி முடித்துவிட்டாள். இது விழுந்தால் இருவரும் சமம், மேலதிகக் குழி விளையாட வேண்டும். மண்டபத்து மாடியில் சனம் நிறைந்து நின்றது. முன்வரிசையில் மொனிகா காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள். குகனேஸ்வரி மிகவும் தள்ளி, கண்ணுக்கெட்டிய தூரத்தில், இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றாள்.

பந்து உருண்டது. குழியின் விளிம்பில் ஏறி, அரை வட்டம் சுற்றி, வெளியே வந்து நின்றது.

மாடியில் எல்லோரும் ஒன்றாக "ஓ" என்றார்கள். அனு ஆகாயத்தைப் பார்த்து ஒரு மூச்சு விட்டுவிட்டு, பந்தைத் தட்டி உள்ளே விட்டாள். பெனெதெத்தாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு புல்வெளியைக் கடந்து அம்மாவிடம் வந்து மட்டையைக் கொடுத்தாள்.

"துடையுங்கோ" என்றாள்.

பரிசு கொடுக்கிற நேரத்துக்கு அம்பலவாணர் வந்து சேர்ந்தார். பவுலின் காரில், துறைமுகத்து உடுப்போடேயே வந்திருந்தார். முடிவுகளை வாசித்தவர் இரண்டாம் இடத்துக்கு வந்ததும் கடதாசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "அம்பலாவானார்... சிவானூயா" என்றார். தன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்ட அம்பலவாணர் காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். பவுல் அவர் முதுகில் தட்டினான். இந்தப் போட்டியில் பலேர்மோப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி எடுத்த மிக நல்ல இடம் இதுதான் என்றும் வாசித்தார்கள். அதற்கு முன் பதினோராம் இடம்தான் அவர்களின் சாதனை.

கைதட்டல் அடங்கியதும் அம்பலவாணர் தொலைபேசியை நீட்டினார். "எல்லாம் சரி. பன்னிரண்டாவதிலை மட்டும் ஆறு எண்டு கிடக்கு. அதிலை என்ன நடந்தது? அந்த ரெண்டும் இல்லாட்டி பிள்ளை..."

"அப்பா!" என்றாள் அனு.

ஆனால் அவர் விரலை மடக்கிவிட்டார். குகனேஸ்வரியும் கூடவே மடக்கினாள். இரண்டு அடியை எடுத்துவிட்டால் அனு ஒரு அடியால் வென்றிருப்பாள். அவ்வளவு நேரமும் தோற்றது கடைசிப் பந்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் கணக்கு முழுவதாகத் தெரிந்தது.

"நான்தான்" என்றாள். "நான்தான் பிழையான இடத்திலை நிண்டுட்டன்."

அம்பலவாணர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "சரி விடும். கப்பல்லை நானும் எத்தினை தரம் பிழையான இடத்திலை நிண்டனான். பேச்சு வாங்கினதுதான்" என்றார். அவளுடைய தோளில் பை பதித்த சிவப்புக் கோட்டைக் கண்டு, அதை உள்ளங்கையால் தேய்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு முடியும்வரை குகனேஸ்வரி ஒன்றும் கேட்கவில்லை. அனு பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது பக்கத்தில் போய் நின்றாள்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. என்னாலைதானே போச்சு?"

இல்லை என்று சொல்வாள் என்றுதான் குகனேஸ்வரி எதிர்பார்த்தாள். சொன்னால் நம்பவும் ஆயத்தமாக இருந்தாள்.

அனு குழாயைப் பூட்டினாள். "ஓம். ரெண்டு அடி உங்களாலை போச்சு" என்றாள். "முதல் ஒம்பது குழியும் நான் என்ரை வாழ்க்கையிலை எந்தப் போட்டியிலையும் அப்பிடி அடிக்கேல்லை அம்மா. அது ஏன் எண்டு நினைக்கிறியள்? மொனிகா நல்லவள்தான். ஆனா அவளுக்குப் பக்கத்திலை நடந்தா நான் போட்டியைப் பற்றியே யோசிப்பன். இண்டைக்கு நான் யோசிக்கவே இல்லை. கதைச்சுக் கொண்டெல்லோ வந்தம். ரெண்டைக் கழிச்சா அதையும் கூட்டுங்கோ."

குகனேஸ்வரி மகளின் ஈரக் கையைப் பிடித்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். உள்ளே அம்பலவாணர், வவுனியாவில் இருக்கிற தம்பிக்குக் குறைய அடித்தால்தான் வெற்றி என்பதைத் தொலைபேசியில் உரத்த குரலில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அனு வாய்மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தாள். முதல் நாள் பின்னேரம் கால் நீட்டியிருந்த அம்மாவுக்கு முழுப் பாடத்தையும் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போனாள். மருந்துகளின் பெயர் ஒன்றும் அம்மாவுக்கு விளங்கவில்லை, ஆனால் திக்கின இடத்தில் எல்லாம் "திருப்பிச் சொல்லு" என்றாள்.

மறு வருடம் போட்டி சார்தேஞ்ஞாத் தீவில். தை மாதமே குகனேஸ்வரி சிஞ்ஞோராவிடம் போய் ஒரு கிழமை லீவு கேட்டாள். கோல்ஃப் விதிகளைத் தொலைபேசியில் இறக்கி, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தாள். மொனிகாவின் கால் எப்போதோ சுகமாகிவிட்டது. "நான் பாக்க மட்டும் வாறன் அன்ரி" என்று அவளே சொல்லிவிட்டாள்.

பலேர்மோ துறைமுகத்தில் அம்பலவாணர் இவர்களைக் கப்பலில் ஏற்றிவிட்டார். கடல் கொந்தளித்து, குகனேஸ்வரிக்கு வாந்தி வந்து, இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் மூன்று நாளும் பையை இறக்கவில்லை. ஒரு தண்டமும் இல்லை. முதல் நாள் காலை பெனெதெத்தா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து, இந்த முறையும் பழம் இருக்கிறதா என்று கேட்டாள்.

அனு அந்த வருடம் ஐந்தாவதாக வந்தாள். காற்று மோசம், நீண்ட அடிகள் கைகொடுக்கவில்லை. கடைசி நாள் அடிக்கணக்கு அட்டையில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தவள், "ஐஞ்சாவதுதான் அம்மா" என்றாள்.

"ஐஞ்சாவதோ" என்றாள் குகனேஸ்வரி. பையை இறக்காமலேயே மகளுடைய தொப்பியைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். "அந்தக் கோப்பிக்குக் கூப்பிட்ட பெடியன்ரை கதையை ஏழாவது குழியிலை பாதியிலை விட்டுட்டாய். கப்பலுக்கு இன்னும் நேரம் கிடக்கு. வா, நடந்துகொண்டே சொல்லு."